சும்மா சுளுக்குத்தானா?

மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நமது கரையோர ஊர்களில், அஸர் தொழுகை முடிந்த மாலைப் பொழுதில் பந்து உருளாத வெளியைக் காண்பது அரிது. கடற்கரை மணலில் உதைபந்து, நிந்தவூரிலே கபடி, வலை கட்டிய இடமெல்லாம் கரப்பந்து என இளைஞர் கூட்டம் திரள்கின்றது. மக்ரிப் பாங்கு ஒலித்ததும் வீடு திரும்புவோரில் ஒருவன் நொண்டியபடி வருவதும் வழக்கமே. “என்ன மகன், காலுக்கு?” என்று தாய் கேட்பாள். “சும்மா சுளுக்குத்தான், உம்மா” என்பான் மகன். அந்தச் ‘சும்மா’வைப் பற்றியே இவ்வாரம் நாம் பேச விரும்புகின்றோம்.

கணுக்காலின் வெளிப்புறத்தே, என்போடு என்பைப் பிணைக்கும் மூன்று நார்கள் உள்ளன. பாதம் திடீரென உட்புறமாக மடங்கும்போது இவை இழுபடுகின்றன; சிலவேளை அறுபடுவதும் உண்டு. அதுவே சுளுக்கு. சில நாளில் வீக்கம் வற்றும்; நோவும் தணியும். அத்துடன் குணமாகிவிட்டது என்று எண்ணுவதிலேதான் ஆபத்து இருக்கின்றது. பாதம் எப்பக்கம் சாய்கின்றது என்பதை மூளைக்கு அறிவிக்கும் நுண்ணிய நரம்பு முனைகள் அந்நார்களிலே உள்ளன. அவை பழுதுற்றால் செய்தி தாமதிக்கும். தசைகள் விழித்துக்கொள்ளுமுன் கால் மடங்கிவிடும். ஒருமுறை சுளுக்கிய கால் மறுமுறையும் சுளுக்குவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

இதற்குப் பரிகாரம் இல்லையா? உண்டு. ஒல்லாந்து தேசத்தில், சுளுக்குற்ற 522 விளையாட்டு வீரர்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியொன்றின் முடிவு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையை மாத்திரம் பெற்றவர்களில் 100க்கு 33 பேருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் சுளுக்கியது. அச்சிகிச்சையோடு எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சியும் செய்தவர்களில் அத்தொகை 22 ஆகக் குறைந்தது.

அப்பயிற்சிக்குப் பணச் செலவில்லை. சுவரருகே வெறுங்காலுடன் ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்க வேண்டும். பின்பு மற்றக் காலில். இது எளிதானதும் கண்களை மூடி நிற்கலாம். அதன்பின் மடித்த தலையணை மீது நின்று பழகலாம். பல் துலக்கும் நேரமே இதற்குப் போதும். முன்பு சுளுக்கியவர்கள் விளையாடும்போது கணுக்காற்பட்டி அணிவதும் நன்று. அண்ணனின் பெரிய சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவது நன்றன்று.

கரப்பந்து 1991ஆம் ஆண்டு முதல் நமது தேசிய விளையாட்டு. அதில் பெரும்பாலான சுளுக்குகள் வலையின் கீழேதான் நேர்கின்றன. உயரத் துள்ளியவர் இறங்கும்போது மற்றொருவரின் பாதத்தின்மீது மிதித்துவிடுகின்றார். முன்னோக்கிப் பாயாமல் நேர்மேலே துள்ளவும், முழங்கால் மடித்து இரு பாதத்திலும் இறங்கவும் பழக்கினால் இது குறையும். நோர்வே நாட்டில் இவ்விதப் பயிற்சியையும் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்து அளித்ததில் சுளுக்குகள் பாதியாகக் குறைந்ததாக 1997ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

நிலமும் கவனிக்கத்தக்கது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் திகதி, இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் டெஸ்ட் போட்டி தொடங்குமுன் பயிற்சியில் ஈடுபட்டிருந்தார் அவுஸ்திரேலியப் பந்துவீச்சாளர் கிளென் மெக்ரா. தரையிற் கிடந்த பந்தொன்றை மிதித்தார். கணுக்கால் நார்கள் அறுந்தன. அவரின்றி ஆடிய அவுஸ்திரேலியா இரண்டே ஓட்டங்களால் தோற்றது. உலகப் புகழ் பெற்ற வீரரை வீழ்த்த, எடுத்து வைக்க மறந்த ஒரு பந்து போதுமாயிருந்தது!

நமது பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் முதலாந் தவணையில் நடைபெறுகின்றன. மாரி மழை அரித்த பள்ளங்கள் அப்போது மைதானமெங்கும் இருக்கும். ஓட்டத்திற்கு முன்னாள் மாலையில் மாணவர் வரிசையாக நடந்து கல்லைப் பொறுக்கிப் பள்ளத்தை நிரப்பினால் பல கால்கள் தப்பும். ஆண்டு முழுதும் ஓடாத பிள்ளையை ஒரு வாரத்தில் வீரனாக்க முயல்வதும் தவிர்க்கத்தக்கது.

சுளுக்கிய பின் நான்கு அடி நடக்க இயலாவிட்டாலோ, கணு என்பின் பின்விளிம்பை அழுத்தும்போது நோவு எழுந்தாலோ, எண்ணெய் தேய்க்குமுன் வைத்தியசாலைக்குச் சென்று எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பிக்க வேண்டும். என்பு முறிந்திருக்கவும் கூடும்.

இறுதியாக, ஆசிரியராகிய நம்மவர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. அணியிலிருந்து நீக்கிவிடுவார்களே என்னும் அச்சத்தினாலேயே பிள்ளைகள் பலர் நோவை மறைக்கின்றனர். இல்லத்தின் புள்ளிக்காக நொண்டுகின்ற பிள்ளையை ஓடவிடுவது வீரத்தை வளர்ப்பதாகாது. சுளுக்கிய காலில் மட்டும் நின்று பத்து முறை துள்ளிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால், “இவ்வாட்டம் வேண்டாம், உன் இடம் உனக்காகக் காத்திருக்கும்” என்று சொல்லுங்கள். அவ்வாக்கைக் காப்பாற்றுங்கள், அடுத்த முறை அப்பிள்ளை ‘சும்மா’ என்று சொல்லி நோவை மறைக்காது.