உரம் விழுந்ததா, முதுகில் கட்டியா?

கைக்குழந்தை இரவெல்லாம் வீறிட்டு அழுகிறது. தூக்கினால் அழுகை கூடுகிறது. நேற்றுவரை உதைத்து விளையாடிய கால்கள் இன்று துவண்டு கிடக்கின்றன. பள்ளிபாளையத்துத் தறிக்குடியானாலும் சரி, திருச்செங்கோட்டு ரிக் தொழிலாளியின் வீடானாலும் சரி, பாட்டி சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "உரம் விழுந்திருக்கிறது!" சேலையில் போட்டு உருட்டுகிறார்கள், எண்ணெய் தடவி நீவுகிறார்கள். பெரும்பாலும் பிள்ளை தானே தேறிவிடும். பெயர் உரம் எடுத்தவருக்கு!

ஆனால் அரிதாக ஒரு குழந்தைக்கு முதுகெலும்புக்குள் கட்டி வளர்ந்து, தண்டுவடத்தை நெரிக்கிறது. அங்கே உருட்டுவதும் நீவுவதும் ஆபத்து. ஓடிப்போகும் நாட்களோ அதனினும் பெரிய ஆபத்து. பாட்டியைப் பழிக்கவில்லை நாம். அவருக்கு வேறு சொல்லிக் கொடுத்தவர் யார்?

தீராத நோயா இது? அன்று! 1887-ஆம் ஆண்டிலேயே இலண்டனில் விக்டர் ஹார்ஸ்லி, கால் விழுந்துபோன ஓர் இராணுவ அதிகாரியின் முதுகுக் கட்டியை அகற்றி, அவரை நடக்கவைத்தார். 1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும் நரம்பு அறுவை மருத்துவத்தை நம் மண்ணில் ஊன்றினர்.

பச்சிளம் பிள்ளைக்குச் செய்வது மேலும் நுட்பமான வேலை. ஐந்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் மொத்தமே ஏறத்தாழ 400 மில்லி. ஒரு கை அளவு சிந்தினாலும் உயிருக்கு உலை. ஆகவே மயக்க மருத்துவரும் குழந்தைக்கென்றே பழகியவராக இருக்க வேண்டும். முதுகெலும்பின் பின்சுவரை மூடிபோல் எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் கட்டியை அகற்றி, மூடியை மீண்டும் பொருத்துகிறார்கள். எலும்பை வெட்டி எறிந்துவிட்டால், வளர வளர முதுகு கூனிவிடும் அல்லவா? சில கட்டிகளுக்குக் கத்தியே முதலில் வேண்டாம், மருந்திலேயே சுருங்கும். கதிர்வீச்சைக் கூடியவரை தவிர்ப்பார்கள். வளரும் எலும்பை அது வாட்டும்.

எல்லாவற்றையும்விடக் காலமே பெரிது. கால் ஓரளவு அசையும்போது வரும் குழந்தை நடக்கும் வாய்ப்பு அதிகம். நெடுநாள் செத்துக் கிடந்த காலை எந்த நிபுணரின் கையும் எளிதில் எழுப்பாது.

சேலத்தில் 1986-இல் தோன்றிய அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் காப்பீடு அறுவைக்குப் பணம் தரும். மாதக்கணக்கில் தறி நின்றால் அடுப்புக்கு யார் தருவது? தகப்பன் லாரிக் கூண்டு கட்டும் பட்டறையில் கூலிக்காரன். தாய் நூல் சுற்றுபவள். சென்னைக்குப் போய்க் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கூலியற்ற நாள்!

ஆகவே கேட்கிறோம்: குழந்தைகளுக்கான நரம்பு அறுவையும், அதற்கேற்ற மயக்க மருத்துவரும் சேலத்திலேயே இரவும் பகலும் கிடைக்க வகை செய்யுங்கள். உடனிருக்கும் பெற்றோருக்கு இழந்த கூலியை ஈடுசெய்யுங்கள்.

தோழர்களே, அரசு செய்யும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முதுகின் நடுவே மயிர்க்கற்றை, குழி, மெத்தென்ற வீக்கம். துவளும் கால், வளையும் முதுகு, ஓயாது சொட்டும் சிறுநீர் – இவற்றுள் ஒன்று கண்டாலும் குழந்தையை உருட்டாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லச் சொல்லுங்கள். குமாரபாளையம் தறிச் சங்கத்திலும் நாமக்கல் பட்டறைச் சங்கத்திலும் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள். பெண்களையும் அழைத்துப் பேசுங்கள்.