இரத்தக் கொழுப்பு மருந்தும் எலும்பின் உறுதியும்

ஒரு நோய்க்கென உட்கொள்ளும் மருந்து பிறிதோர் உறுப்பிற்கு நன்மை செய்யுமோ, தீங்கு விளைக்குமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. எழுந்த ஐயத்தை எவ்வாறு தீர்த்துக்கொள்வது என்பதே கற்றோர் கவனிக்கத்தக்க விஷயமாகும். இரத்தத்திலுள்ள கொலஸ்டிரால் என்னும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்துகளைப் பற்றி இத்தகைய ஐயம் நெடுநாளாக நிலவுகின்றது. அவை எலும்பை வலுப்படுத்தும் என்பர் ஒரு சாரார். எலும்பின் திண்மையைக் குறைத்து எலும்புப்புரை நோயை விளைக்கும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் அளவு கடந்தவை என்பதே நமது கருத்து.

ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1973-ஆம் ஆண்டில் ஒருவகைப் பூஞ்சணத்தினின்று இவ்வினத்தின் முதற் பொருளைக் கண்டறிந்தார். 1987-இல் லோவாஸ்டாடின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் இம்மருந்துகள் குறைக்கின்றன என்பது பல பெரும் பரிசோதனைகளால் நிறுவப்பட்டுள்ளது. ஈரல் கொலஸ்டிராலை ஆக்கும் செயற்றொடரில் ஒரு மேற்படியைத் தடுப்பதே இவற்றின் தொழில். எலும்புப்புரைக்கு வழங்கப்பெறும் அலென்ட்ரோனேட் என்னும் மருந்தோ, அத்தொடரின் கீழ்ப்படி ஒன்றைத் தடுத்து, எலும்பை அரிக்கும் உயிரணுக்களை அடக்குகின்றது. ஆகவே, ஸ்டாடினுக்கும் எலும்பிற்கும் தொடர்பிருத்தல் கூடும் என அறிஞர் எண்ணியது வெறுங் கற்பனையன்று.

1999-இல் டெக்ஸாஸைச் சேர்ந்த கிரெகரி மண்டி முதலியோர், ஸ்டாடின்கள் எலிகளிடத்து எலும்பாக்கத்தைத் தூண்டக் கண்டனர். அடுத்த ஆண்டிலேயே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்த சிலர், ஸ்டாடின் உண்போரிடை எலும்பு முறிவு குறைவெனக் கூறினர். ஆயினும் 2001-இல் அதே பிரிட்டானியப் பதிவேடுகளை வேறொரு குழுவினர் ஆராய்ந்தபொழுது அந்நன்மை புலப்படவில்லை.

ஒரே ஏடு இருவருக்கு இருவேறு விடை கூறுவானேன்? மருந்தைத் தவறாது உண்போர் பெரும்பாலும் உணவிலும் நடையிலும் ஒழுங்குடையோராவர். உடற்பருமன் உடையோர்க்கோ இயல்பாகவே எலும்பின் திண்மை சற்று மிகுதி. இவையெல்லாம் மருந்தின் கணக்கில் வரவாக எழுதப்பட்டுவிடுகின்றன. திருவுளச் சீட்டுப்போல் எவ்விருப்பமுமின்றி மக்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு மருந்தும் மற்றவர்க்கு மருந்தற்ற மாத்திரையும் அளித்து நோக்கினாலன்றி இம்மயக்கம் தீராது.

அவ்வாறும் நோக்கியுள்ளனர். மாதவிடாய் நின்ற 626 பெண்டிரிடை ஓராண்டு நடந்து 2007-இல் வெளியான பரிசோதனையில், அடோர்வாஸ்டாடினை 10 முதல் 80 மில்லிகிராம் வரை அளித்தும் எலும்பின் திண்மையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. ஜூபிட்டர் என்னும் பெரும் பரிசோதனையில் 17,802 பேர் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ரோஸுவாஸ்டாடின் உண்டோரில் 221 பேருக்கும், உண்ணாதோரில் 210 பேருக்கும் எலும்பு முறிந்தது. இவ்வேறுபாடு தற்செயலுக்கு அப்பாற்பட்டதன்று. விழுங்கும் ஸ்டாடினின் பெரும்பகுதி ஈரலிலேயே தங்கிவிட, எலும்பைச் சென்றடைவது மிகச் சிறிதே என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

2019-இல் ஆஸ்திரிய நாட்டுப் பதிவேடுகளினின்று புதியதோர் ஐயம் பிறந்தது. குறைந்த அளவில் ஸ்டாடின் உண்டோரிடை எலும்புப்புரை குறைவாகவும், மிகுந்த அளவில் உண்டோரிடை அதிகமாகவும் காணப்பட்டது. இதனைப் புறக்கணித்தலாகாது. ஆனால் மிகுந்த அளவு பெறுவோர் நோய் முதிர்ந்தோராகவும், நடமாட்டம் குறைந்தோராகவும், மருத்துவரை அடிக்கடி காண்போராகவும் இருத்தல் கூடும். எனவே இது மேலும் ஆராய்தற்குரிய வினாவேயன்றி முடிந்த தீர்ப்பன்று.

“ஐயமுள்ளபோது மருந்தை நிறுத்திவிடுவதே நலமன்றோ?” என்பார் உளர். நிறுத்துவதிலும் ஆபத்துண்டு என்பதை அவர் மறந்தனர். முன்னரே மாரடைப்புற்ற ஒருவர், ஐயத்திற்கிடமான எலும்புத் தீங்கிற்கு அஞ்சி, ஐயமற நிறுவப்பட்ட இருதயக் காப்பைக் கைவிடுதல் விவேகமாகாது. மருந்தே எலும்பையும் காக்கும் என்றிருந்து எலும்பைக் கவனியாது விடுதலும் அத்தகைய பேதைமையே. அச்சமுடையோர் மருத்துவரிடம் உசாவி அளவை மாற்றிக்கொள்ளலாம். மூப்பெய்திய பெண்டிர் எலும்பின் திண்மையை அளந்தறியலாம். தாமாக மருந்தை நிறுத்தலாகாது.

இவ்விஷயத்தில் மாணவர்க்கு இரு கடமைகள் உண்டு. வீட்டில் பெரியோர் ஒரு செய்தியைக் கண்டு கலங்குங்கால், அது பதிவேட்டிற் கண்டதா, பரிசோதனையில் தேர்ந்ததா என வினவித் தெளிவித்தல் ஒன்று. தம் எலும்பைத் தாமே பேணுதல் மற்றொன்று. எலும்பின் திண்மை ஏறக்குறைய முப்பது வயதிற்குள் உச்சத்தை எட்டிவிடுகின்றது. பின்னர் அச்சேமிப்பைக் கொண்டே நெடுங்காலம் வாழ்தல் வேண்டும். கேழ்வரகும் பாலும், வெயிலும் விளையாட்டும், புகையிலையை அணுகாமையும் அதற்குரிய வழிகள். முதுமையில் எந்த மாத்திரையை உண்ண நேரினும், இளமையில் தேடிய இவ்வுறுதி அன்று துணை நிற்கும்.