மலைக்கு ஒரு வக்கீல் வேண்டும்

சவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி 2024 பிப்ரவரியில் வந்தபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டிய வெற்றிதான். ஆனால் நீதிபதி மலைக்காக வாதாட முடியாது. மனு எழுதவும், கோப்பைத் துரத்தவும், அமைச்சர் அறை வாசலில் காத்துக் கிடக்கவும் வேறு ஆட்கள் வேண்டும்.

இந்த வேலைக்குப் பெயர் லாபி. சொன்னதுமே முதலாளிகளின் தரகர்கள்தாம் நினைவுக்கு வருவார்கள். அதே வேலையைச் சேரி மக்களுக்காகச் செய்த வழக்கறிஞர் ஒருவர் நம்மிடம் இருந்தார்: என். சிவராஜ்.

சென்னைச் சட்டக் கல்லூரிப் பேராசிரியரான அவர் 1926இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குச் சென்றார். 1937இல் தில்லியின் மத்திய சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். நியமன இருக்கைக்கு வாக்கு பலம் கிடையாது. வாதமும் தொடர் நச்சரிப்பும்தான் ஆயுதம். அது போதாது என்பதும் அவருக்குத் தெரியும். 1942 ஜூலையில் நாக்பூரில் அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானபோது அதன் தலைவரானார். சில நாட்களில் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் பொறுப்பேற்றார். அக்டோபரில் வைஸ்ராயிடம் கோரிக்கை மனு அளித்தார். உள்ளே அம்பேத்கர், வெளியே சிவராஜ் தலைமையில் அமைப்பு. 1943இல் மத்திய அரசுப் பணிகளில் 8.33 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு உயர்கல்வி உதவித்தொகை வந்தது. இன்று நம்மில் பலர் படித்தது அந்த உதவித்தொகையின் தொடர்ச்சியில்தான்.

1945இல் சென்னை மேயர், 1957இல் செங்கல்பட்டு எம்.பி., பிறகு இந்தியக் குடியரசுக் கட்சித் தலைவர். 1964 செப்டம்பரில் அவர் மறைந்தார். அந்த டிசம்பர் 6 அன்று அவருடைய கட்சி, தரிசு நிலத்தை நிலமற்றோருக்குக் கொடு என்று நாடு முழுக்கப் போராட்டம் தொடங்கியது. பதவிகளின் பட்டியலைவிட இதுதான் அவருடைய வாழ்க்கையின் பொருள்.

இனி மலைக்கு வருவோம். சவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான தனித்தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. இங்குள்ள மலையாளி மக்களின் வாக்கு எந்தக் கட்சியையும் பயமுறுத்தாது.

மறுபக்கத்தின் லாபி எப்படி வேலை செய்கிறது என்றும் பாருங்கள். வன உரிமைச் சட்டத்தின் விதிகள் 2008இல் நடைமுறைக்கு வந்தன. ஓய்வுபெற்ற வன அதிகாரி ஒருவர் தொடுத்த வழக்கில், பட்டா வழங்கும் முன் தன் அனுமதி வேண்டும் என்று அதே ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கும் வரை தமிழ்நாட்டுப் பழங்குடிகள் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். நாடாளுமன்றம் தந்ததை ஒரே ஒரு மனு நிறுத்தி வைத்தது.

எனவே மலையிலிருந்து சட்டம் படிக்க வரும் தங்கைகளும் தம்பிகளும் நீதிபதி ஆகட்டும், வக்கீலாகவும் ஆகட்டும். கிராம சபையில் உட்கார்ந்து உரிமைக் கோரிக்கைப் படிவம் நிரப்பட்டும், கோட்டையின் படியேறட்டும். ஆனால் அவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். பின்னால் கூட்டம் இல்லாத வக்கீலை அதிகாரிகள் நாற்காலியில் உட்காரவைத்து, டீ கொடுத்து, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.