உடலே பார்த்துக்கொள்ளுமாம்!

“நம் பெண்பிள்ளைகளுக்கு அந்த ஊசி எதற்கு? எதிர்ப்புச் சக்தியை இறைவன் உடலிலேயே வைத்திருக்கிறான். உடலே பார்த்துக்கொள்ளும்.” அண்மையில் ஒரு நிக்காஹ் வீட்டுப் பந்தலில் படித்த பெரியவர் ஒருவர் இவ்வாறு கூற, சுற்றியிருந்தோர் தலையசைத்தனர். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியைப் பற்றிய பேச்சு அது. அவர் சொன்னது முழுப் பொய்யாயின் மறுப்பது எளிது. பாதி மெய்யாயிற்றே! ஆகவேதான் எழுத வேண்டியிருக்கின்றது.

மெய்யான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். பாப்பிலோமா என்னும் வைரஸ், இல்லறத்தில் புகுந்தவருள் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒரு முறையேனும் தொட்டுச் செல்வது. பத்துப் பெண்களில் ஏறத்தாழ ஒன்பது பேரிடம் இரண்டாண்டுகளுக்குள் அது தானே மறைந்துவிடுகின்றது. இளம்பெண்ணின் உடல் இதில் வல்லமை மிக்கது. தொற்று என்றதுமே புற்று என்று அலறுவதும் அறியாமைதான்.

மற்றப் பாதியைப் பெரியவர் சொல்லவில்லை. இந்த வைரஸ் கருப்பை வாயின் மேற்படலத்திலேயே குடியிருப்பது, குருதியில் கலப்பதில்லை. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, வலியும் இல்லை. திருடன் புகுந்த அரவமே கேளாத வீட்டில் காவலன் எவ்வாறு விழிப்பான்? தொற்று வந்துபோன பெண்கள் பலரின் குருதியில் எதிர்ப்பொருள் காணப்படுவதே இல்லை. காணப்படுவோரிடமும் அது சொற்பமே. வந்துபோன அதே வகை மீண்டும் வரக்கூடும்.

பத்தாவது பெண்ணின் கதை என்ன? அவளிடம் வைரஸ் தங்கிவிடுகின்றது. அப்படித் தங்கியோர் அனைவருக்கும் புற்று வருவதில்லை. வரும் சிலருக்கோ, அது உருவாகப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. மகளுக்கு வரன் பார்க்கும் வயதில் தாய்க்கு உதிரப்போக்கு தொடங்கும்; மருத்துவரிடம் செல்கையில் காலம் கடந்திருக்கும். 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் அவ்வோராண்டில் இந்நோய் கண்டோர் ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் பேர். மாண்டோர் ஏறத்தாழ எண்பதாயிரம். ‘பத்தில் ஒன்பது’ என்னும் ஆறுதல் இவர்களுக்கு எவ்வகையில் உதவியது?

ஊசியில் இருப்பது வைரஸின் வெற்று ஓடு. அதனால் நோயை உண்டாக்க இயலாது. தசையில் செலுத்தப்படுவதால் உடல் முழுமையாக விழித்துக்கொள்கின்றது. இயற்கைத் தொற்று தருவதைவிடப் பன்மடங்கு எதிர்ப்பொருள் பிறக்கின்றது. ஆயினும் ஏற்கெனவே குடியேறிய வைரஸை அது விரட்டாது. ஆகவேதான் ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போடச் சொல்கின்றனர். இந்நோய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் காரணமான இரு வகைகளை 1983, 84ஆம் ஆண்டுகளில் கண்டறிந்தது ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசனின் குழு. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் ஸ்காட்லாந்து பள்ளிச் சிறுமியருக்கு ஊசி போடத் தொடங்கியது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் போட்டுக்கொண்டோரில் ஒருவருக்குக்கூட இப்புற்று வரவில்லை என்று 2024இல் ஆய்வு வெளியாயிற்று. மலேசியா 2010 முதலே தன் பள்ளிகளில் போட்டு வருகின்றது.

“ஒழுக்கமான குடும்பத்துக்கு இது தேவையில்லை” என்பது அடுத்த வாதம். என்ன பேச்சு இது! மாப்பிள்ளையின் சம்பளத்தையும் வீட்டையும் வளைகுடா வேலையையும் துருவித் துருவி விசாரிக்கின்றோம். அவர் உடலில் இந்த வைரஸ் உண்டா என்றறிய ஆண்களுக்கு வழக்கமான சோதனை ஏதும் இல்லை. சுமப்பதை அவரே அறியார். கற்புள்ள பெண்ணுக்கும் தன் கணவர் வழியாகவே இது வருகின்றது. இதில் அவள் ஒழுக்கத்தை இழுப்பது அவளுக்குச் செய்யும் அவமதிப்பு.

2009இல் ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த ஊசித் திட்டத்தைச் சிலர் நினைவூட்டுவர். விடுதிக் காப்பாளர்களே பெற்றோருக்குப் பதிலாகக் கையொப்பமிட்டது பெருங்குற்றம். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் அங்கு இறந்த ஏழு சிறுமியரின் மரணத்துக்கு ஊசி காரணமென்று விசாரணையில் தெரியவரவில்லை. பெற்றோரைக் கேளாமல் போட்டதைக் கண்டிப்போம். கேட்டால் மறுப்பதற்கு அது காரணமாகாது.

ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. முப்பதைக் கடந்த பெண்கள் கருப்பை வாயைச் சோதித்துக்கொள்ளத்தான் வேண்டும். தமிழக அரசு மருத்துவமனைகளில் அமிலக் கரைசல் தடவிப் பார்க்கும் சோதனை உண்டு. சில நிமிட வேலை, செலவில்லை. அந்தப் பெரியவர் வீட்டில் முப்பதைக் கடந்த பெண்கள் நால்வர். ஒருவரும் அங்கே போனதில்லை என்று என் மனைவி விசாரித்து வந்து சொன்னாள்.