வைத்தியராகாவிட்டால் வாழ்வில்லையா?

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே அமைந்த சிற்றூர் ஆலங்குடா. கடற்கரையில் கரைவலை இழுப்போர் ஒரு சாரார்; உள்ளே மணற்றரையில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டு வாழ்வோர் மற்றொரு சாரார். 1990ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, இக்குடாநாட்டிலே குடில் போட்டு வாழத் தொடங்கி, இன்று இம்மண்ணின் மக்களாகவே ஆகிவிட்டன. ஏறிட்டு நோக்கினால், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வானைத் தொட்டு நிற்கிறது.

சென்ற விடுமுறையில் நாம் அவ்வூருக்குச் சென்றிருந்தோம். முன்னொரு சமயம் பௌதிகவியல் கருத்தரங்கொன்றில் எம்மிடம் பாடங் கேட்ட மாணவி ஒருத்தியின் இல்லத்திலே தேநீர் அருந்த நேர்ந்தது. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு முறை தோற்றியவள் அவள். நல்ல பெறுபேறுதான், ஆனால், மருத்துவ பீடத்தின் வாசலுக்குச் சற்று முன்னே நின்றுவிட்டது.

அவளுடைய தந்தையார் எம்மை நோக்கி, “மாஸ்டர், இன்னும் ஒரு தரம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கோ. டொக்டர் ஆகாட்டி இவ்வளவு படிச்சும் என்ன பிரயோசனம்?” என்றார். மகளோ தயங்கித் தயங்கி, “சேர், எக்ஸ்றே எடுக்கிற படிப்புக்கு இந்தப் புள்ளி காணும்போலத் தெரியுது. அதுக்குப் போகட்டுமா?” என்று கேட்டாள்.

நாம் சற்றும் சிந்தியாமல், “பட்டன் அழுத்துகிற வேலைக்கா பிள்ளை இத்தனை பாடுபட்டாய்?” என்று சொல்லிவிட்டோம். அவள் தலை கவிழ்ந்தாள்.

அப்பொழுது மூலையில் அமர்ந்திருந்த அவளுடைய உம்மம்மா வாய் திறந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு விடாத இருமல். நெஞ்சைப் படம் பிடித்து வரும்படி வைத்தியர் எழுதிக் கொடுத்தார். படம் பிடிக்கும் அறையிலே ஆண் ஒருவர் நிற்பதைக் கண்டதும், மேலாடை மாற்றக் கூசி வாசலோடு திரும்பிவிட்டாராம். இருமலில் இரத்தம் கண்ட பின்னரே மீண்டும் சென்றார். காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாத காலம் மருந்துண்டு இறைவன் அருளால் குணமடைந்தார். “அங்க ஒரு பொம்பிளைப் பிள்ளை நிண்டிருந்தா நான் அண்டைக்கே படம் எடுத்திருப்பேன், தம்பி” என்று அவர் சொன்னபோது, எமக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நாம் ‘பட்டன்’ என்று இகழ்ந்த பணி எத்தகையது? வீடு திரும்பியதும் அதைக் கற்கத் தொடங்கினோம். கற்றவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரப் பேராசிரியர் ரொண்ட்ஜன், 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி ஒரு புதிய கதிரைக் கண்டார். இன்னதென்று அறியாமையால் ‘எக்ஸ்’ எனப் பெயரிட்டார். அவ்வாண்டு டிசம்பரிலே தம் மனைவியாரின் கையை அக்கதிரால் படம் பிடித்தார். எலும்புகளும் விரலிலிருந்த மோதிரமும் தெரிந்தன. 1901இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. அது மனித குலத்தின் உடைமை என்று விட்டுவிட்டார்.

ஆயினும், கதிரைக் கண்டால் மட்டும் போதுமா? கையாளத் தெரிந்தவர் வேண்டாமா? தெரியாமையின் விலையை முன்னோர் உயிராலே கொடுத்தனர். எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி, தம் கைகளையே கதிருக்கு முன் நீட்டி நீட்டிச் சோதித்துப் புண்பட்டு, கைகளை இழந்து, 1904இல் மாண்டார். இவ்வாறு மடிந்தோர்க்கு ஹாம்பர்க் நகரிலே 1936இல் நினைவுத் தூண் ஒன்று எழுப்பப்பட்டது.

பயிற்சியின் பெருமையை உலகுக்குக் காட்டியவர் ஒரு பெண்மணி. முதலாம் உலகப் போரில், மேரி கியூரி அம்மையார் எக்ஸ்றே கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டு சென்றார். அவற்றை இயக்க ஆட்கள் இல்லாத நிலையில், தம் மகள் ஐரீனின் துணையோடு ஏறக்குறைய 150 பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர்கள் அனைவரும் விஞ்ஞானப் பட்டதாரிகள் அல்லர். சாதாரண குடும்பத்துப் பெண்களும் அவர்களிடையே இருந்தனர். உடலில் குண்டு பாய்ந்த இடத்தைச் சத்திர வைத்தியருக்குக் காட்டிக் கொடுத்த கைகள் அவர்களுடையவை.

இன்று அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகள் பல இப்பயிற்சியை இரண்டாண்டுப் படிப்பாக நடத்துகின்றன. பாதி நாள் வகுப்பறை, பாதி நாள் ஆஸ்பத்திரி என்ற முறையிலே படிப்பு நடைபெறும். முடிவில், 1922இல் தோன்றிய பதிவகம் ஒன்றின் பரீட்சையில் தேற வேண்டும். சொந்த ஊரை விட்டு நெடுந்தூரம் செல்லாமலே தொழில் கற்கலாம் என்பதே அக்கல்லூரிகளின் சிறப்பு.

நம் நாட்டிலே அத்தகைய கல்லூரி ஆலங்குடாவுக்கு அருகில் இல்லை. ஆயினும் வழி அடைபட்டு விடவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்திலே கதிர்ப்படவியலுக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு. பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தின் விருப்ப வரிசையில் அதனைக் குறிப்பிட வேண்டும். சுகாதார அமைச்சும் கொழும்பிலுள்ள தன் பயிற்சிப் பாடசாலைக்கு மாணவரைச் சேர்க்கிறது. அதற்குரிய அறிவித்தலை வர்த்தமானியில் கவனித்து வர வேண்டும். பயின்று முடித்தோர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றே தொழில் புரியலாம்.

அங்கே கற்பது என்ன? முதலிலே உடலமைப்பு, அடுத்துப் பௌதிகவியல். நெஞ்சைப் படம் பிடிக்கும்போது கருவியை ஏறத்தாழ ஆறடி தூரத்தில் வைப்பது ஏன்? அருகில் வைத்தால் இருதயம் உள்ளதைவிடப் பெருத்துத் தோன்றும். மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்வது ஏன்? நுரையீரல் விரிந்தாற்றான் அதன் மூலை முடுக்குகள் தெரியும். படத்திலே வலம், இடம் என்று குறியிட மறந்தால், நோயில்லாத பக்கத்தில் கத்தி பட்டுவிடலாம். பெண்ணாயின், கருவுற்றிருக்கிறாரா என்று கனிவோடு கேட்டறிய வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே பட்டன் வருகிறது! எடுத்த படத்தைப் பார்த்து நோயைத் தீர்மானிப்பது கதிரியக்க வைத்தியரின் கடமை. ஆனால், படம் பழுதானால் அந்த வைத்தியர் என்ன செய்வார்?

கதிரால் ஆபத்து வராதா என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. இயற்கையிலிருந்து ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் பெறும் கதிர்வீச்சு உலக சராசரியில் 2.4 மில்லி சீவர்ட். நெஞ்சுப் படம் ஒன்றினால் நோயாளி பெறுவது 0.1 அளவோ அதனினும் குறைவோ ஆகும். தொழில் புரிவோர்க்கு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டொன்றுக்கு 20 மில்லி சீவர்ட் என்று சர்வதேச வரம்பு உண்டு. சட்டையிலே அணியும் சிறு மானி அவர்கள் பெற்றதை அளந்து காட்டும். ஈயத் தடுப்பும் தூரமும் அவர்களுக்குக் கவசங்கள். தூரம் இரு மடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகும் என்று நாம் வகுப்பிலே ஒப்புவிக்கச் செய்கிறோமே, அந்த நேர்மாறு வர்க்க விதிதான் அங்கே உயிர் காக்கிறது. கதிர்வீச்சுக் கருவிகளைக் கண்காணிப்பதற்கென்றே, 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அணுசக்தி ஒழுங்குபடுத்தற் சபையும் இந்நாட்டில் உண்டு.

மற்றொன்றும் கூறவேண்டும். “மூச்சைப் பிடியுங்கள்” என்பது நோயாளிக்கு விளங்காத மொழியில் சொல்லப்பட்டால், படம் கலங்கும், மீண்டும் எடுக்க நேரும், கதிரும் இரட்டிக்கும். தமிழ் பேசும் கரையோரத்து மக்களுக்குத் தமிழறிந்த ஒருவர், அதிலும் பெண்களுக்கு ஒரு பெண், அவ்வறையிலே நிற்பதன் அருமை உம்மம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இருபது ஆண்டுகளாகக் கற்பித்த எமக்குத் தெரியவில்லை.

பெற்றோரே! மூன்றாம் முறை பரீட்சை எழுதுவது தவறென்று நாம் சொல்லவில்லை. மருத்துவமே உயிர்மூச்சென்று எண்ணும் பிள்ளை எழுதட்டும். ஆனால், அந்த ஆசை பிள்ளையுடையதா, நம்முடையதா என்று நெஞ்சிலே கை வைத்துக் கேட்டுப் பாருங்கள். மாணவரே! கதிர்ப்படவியல் இலகுவான படிப்பன்று. பட்டப்படிப்பு ஆங்கிலத்திலே நடைபெறுவது. இரவுக் கடமையும் உண்டு. அவற்றை அறிந்தே அடியெடுத்து வையுங்கள்.

இவற்றையெல்லாம் எழுதி அந்தத் தந்தையாருக்கு அனுப்பினோம். மாணவியிடம் நாம் சொன்ன சொல்லுக்கு மன்னிப்பும் கேட்டிருந்தோம். சில நாட்களின் பின் தொலைபேசியிலே அவர் குரல் கேட்டது. “மாஸ்டர், பேராதனையில பொம்பிளைப் பிள்ளைகளுக்குத் தங்க விடுதி இருக்குதா?” என்றார்.

இருக்கிறது என்றோம். சற்று நேரம் மௌனம். பிறகு, “அப்ப, படிவத்தில எத்தனையாவதாப் போடச் சொல்ல?” என்று கேட்டார். அதை மகளிடமே கேட்கும்படி சொன்னோம்.