சுண்ணம் வேறு, கால்சியம் வேறு

'கால்கேரியஸ்', 'கால்சிக்' என்னும் இரண்டு அடைமொழிகளையும் 'சுண்ணாம்பு' என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டுக் கடந்து செல்லும் வழக்கம் அறிவியல் தமிழில் இனியும் நீடிக்கலாகாது.

இரண்டும் சுண்ணாம்பைக் குறிக்கும் 'கால்க்ஸ்' என்ற இலத்தீன் வேரில் பிறந்தவையே. ஆயினும் 1808இல் ஹம்ப்ரி டேவி கால்சியத்தைத் தனி உலோகமாகப் பிரித்தெடுத்துக் காட்டிய பின்னர், அத்தனிமத்தையும் அதன் கார்பனேட்டையும் ஒன்றெனப் பேசுவதற்கு நியாயமில்லை. கால்கேரியஸ் என்பது கால்சியம் கார்பனேட் கொண்டது. கால்சிக் என்பது கால்சியம் மிகுந்தது. தக்காணத்துப் பசால்ட் பாறையில் கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ் கனிமம் உண்டு. ஆனால் சிதையாத அக்கனிமத்தின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால் நுரை எழுவதில்லை. அதே பாறை சிதைந்து உருவான கரிசலில் கிடக்கும் சுக்கான்கல்லோ அமிலம் பட்டவுடன் பொங்குகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்குவோர் வயலைப் பார்க்கட்டும். கங்கைச் சமவெளியின் களர் நிலங்கள் பலவற்றில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே இருக்கிறது. காரத்தன்மை மிகுந்த அம்மண்ணில் அது எளிதில் கரையாது. எனவே களித்துகள்களைப் பற்றியிருக்கும் சோடியத்தை அதனால் வெளியேற்ற இயலாது. அங்கே வேண்டுவது கரையும் கால்சியம். 1969இல் தொடங்கப்பெற்று, கர்னாலில் இயங்கிவரும் மைய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் களர் சீர்திருத்தத்துக்கு ஜிப்சத்தைப் பரிந்துரைப்பது இதனாலேயே. 'சுண்ணாம்புள்ள நிலத்துக்கு ஜிப்சம் எதற்கு?' என்ற கேள்வி சொற்குழப்பத்தின் குழந்தை.

கேரளம், அசாம் ஆகியவற்றின் அமில மண்ணில் நிலைமை நேர்மாறு. அங்கே அமிலத்தை முறிப்பது கார்பனேட். ஜிப்சத்திலும் கால்சியம் உண்டே என்று அதனை இட்டால் அமிலத்தன்மை நீங்காது.

மண் வகைப்பாட்டில் 'கால்சிக்' அடுக்கு என்பதே கார்பனேட் திரண்ட அடுக்கைத்தானே சுட்டுகிறது என்று எதிர்வாதம் எழலாம். உண்மைதான். ஆனால் அது தடிமனும் கார்பனேட் அளவும் வரையறுக்கப்பட்ட தனிக் கலைச்சொல். கால்கேரியஸ் மண் அனைத்திலும் அவ்வடுக்கு அமைவதில்லை. இவ்விதிவிலக்கு கூடுதல் கவனத்தைக் கோருகிறதேயன்றி, குழப்பத்துக்கு உரிமம் வழங்கவில்லை.

முன்னதற்குச் 'சுண்ண', பின்னதற்குக் 'கால்சிய' என இரண்டு அடைகள் போதும். மொழிபெயர்ப்பாளர் மிச்சப்படுத்தும் ஒரு சொல்லின் விலையை, தவறான மூட்டையை வாங்கிச் சுமக்கும் உழவர் கொடுக்க வேண்டியதில்லை.