சத்தம் போடாத திருடன்

வீட்டில் திருடன் புகுந்தால் நாய் குரைக்கும். கண்ணில் புகும் திருடன் ஒருவன் உண்டு. அவன் வருவது பெரும்பாலோருக்குத் தெரிவதே இல்லை. வலி இருக்காது. எரிச்சல் இருக்காது. பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு போய்விடுவான். அவன் பெயர் கிளாக்கோமா. கண் அழுத்த நோய் என்றும் சொல்வார்கள்.

பள்ளிப்பட்டுப் பக்கத்துக் குடியானவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வயது 55. எதிரே இருப்பது நன்றாகத் தெரிகிறது. பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியவில்லை. திருத்தணி மலைப்படி ஏறும்போது கால் இடறுகிறது. "வயசாச்சு" என்று சொல்லிச் சும்மா இருந்துவிடுகிறார். அது வயதின் குற்றமாக இல்லாமல், நோயாகவும் இருக்கலாம் அல்லவா?

64 பேரில் ஒருவர்!

இது வீண் பயம் அல்ல. சென்னை சங்கர நேத்ராலயா டாக்டர்கள் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில், 40 வயதை எட்டிய 3,900-க்கும் அதிகமானவர்களின் கண்களைச் சோதித்தார்கள். அதன் முடிவு 2005-ல் வெளிவந்தது. இந்த நோயின் முக்கிய வகை 64 பேருக்கு இருந்தது. அவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் அது முன்பே தெரிந்திருந்தது! பள்ளிப்பட்டும் அதே திருவள்ளூர் மாவட்டத்து ஊர்தான்.

கண்ணுக்குள் நீர் ஊறி வடிந்துகொண்டே இருக்கும். வடியும் வழி கெட்டால் அழுத்தம் ஏறும். மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் கண் நரம்பு நசியும். சிலருக்கு அழுத்தம் சரியாகவே இருக்கும். ஆனாலும் நரம்பு கெடும். ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது.

ரத்தக் குழாயின் படம்

இங்கேதான் புதிய கருவி ஒன்று கைகொடுக்கிறது. ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி என்று பெயர். ஊசி கிடையாது. ஒளிக்கதிர் விழித்திரையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் படுகிறது. ரத்தம் ஓடும் இடத்தில் மட்டும், திரும்பி வரும் ஒளி மாறுகிறது. அந்த மாற்றத்தை வைத்துக் கம்ப்யூட்டர் மெல்லிய ரத்தக் குழாய்களைப் படமாக வரைகிறது.

நல்ல கண்ணில் நரம்பைச் சுற்றிலும் இந்தக் குழாய்கள் வலை போல நெருக்கமாக இருக்கும். நோய் கண்ட கண்ணில் வலை நைந்திருக்கும். பயிர் வாடிய வயலில் வாய்க்காலும் வற்றிக் கிடப்பது போல! ஆனால் இந்தப் படம் மட்டுமே தீர்ப்பு ஆகாது. அழுத்தம், நரம்பு, பக்கப் பார்வை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார்.

செய்ய வேண்டியது என்ன?

கண்புரையால் மங்கிய பார்வை ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பி வரும். கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன் கொண்டு காப்பாற்றலாம்.

எனவே, ஊர் ஊராக நடக்கும் கண் முகாம்களில் புரையோடு நரம்பையும் பார்க்க வேண்டும். 40 வயதில் வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கப் போகிறவர்கள், முதலில் டாக்டரிடம் கண்ணைக் காட்ட வேண்டும். தாய், தகப்பன், அண்ணன், தங்கைக்கு இந்த நோய் இருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?